பேர் வைக்காத தம்பி

எண்ணப்பட்ட தறி நிலைக்காது என்பது எங்கள் வீட்டின் நம்பிக்கை. பிள்ளைகளை எண்ணலாம், ஆடுகளை எண்ணலாம், பந்தியில் உட்கார்ந்தவர்களைக்கூட எண்ணலாம். தெருவில் எத்தனை தறி ஓடுகிறது என்று மட்டும் யாரும் விரல் மடக்கக் கூடாது. வெளியூர்க்காரர் எவராவது கேட்டுவிட்டால், "ஏதோ ஓடுது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஒருமுறை நான் வாசலில் நின்று ஒவ்வொரு வீடாகக் காட்டி எண்ணத் தொடங்கியபோது, அத்தை ஓடிவந்து என் விரல்களை மொத்தமாகப் பிடித்து மூடினாள். பிறகு அந்தக் கைக்குள் ஒரு வெல்லத்துண்டை வைத்தாள். எண்ணாமல் இருப்பதற்கு அதுதான் கூலி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இந்த நம்பிக்கை காரணமில்லாமல் வந்ததல்ல. அப்பாவின் பாட்டனார் காலத்தில் சர்க்கார் ஆட்கள் வீடுவீடாக வந்து தறிகளை எண்ணினார்களாம். எண்ணிய ஒவ்வொன்றுக்கும் வரி போட்டார்களாம். கட்ட முடியாதவர் வீட்டிலிருந்து தறிமரத்தைப் பிடுங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். அந்த வரி ஒழிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. வரியைப் பார்த்தவர் ஒருவர்கூட எங்கள் தெருவில் உயிரோடு இல்லை. ஆனால் பயத்தை மட்டும் தகப்பன் பிள்ளைக்குக் கொடுத்து, பிள்ளை தன் பிள்ளைக்குக் கொடுத்து, பாத்திரம் பண்டம்போலப் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

மதுரைக்குக் கிழக்கே, வண்டியூர்த் தெப்பக்குளத்தைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் எங்கள் தெரு இருந்தது. ஒரே தெரு, இரண்டு பக்கமும் வீடுகள், வீட்டுக்கு வீடு முன்கூடத்தில் குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு, மிதியை மிதித்தபடி உட்கார்ந்து நெய்வார்கள். தெருவின் ஒரு முனையில் ரோடு. மறுமுனையில் பிள்ளையார் கோயில், ஒரு வேப்பமரம், அதற்கு அப்பால் வாய்க்கால். ஆகவே தெருவுக்குள் வருகிற வண்டிக்கு வந்த வழியாகத் திரும்பிப் போவதைத் தவிர வேறு வழி கிடையாது. இதை நான் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பின்னால் நடந்தது முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நின்றது.

யுத்தகாலம் அது. அரிசி குறைந்தது, மண்ணெண்ணெய் குறைந்தது. எங்களுக்கு எல்லாவற்றிலும் பெரிய குறை நூல். கடைத்தெருவில் நூல் இருந்தது. ஆனால் நெய்கிறவன் வாங்கும் விலையில் இல்லை. அப்பா காலையில் டவுனுக்கு நடந்து போய், நடுப்பகலில் வெறுங்கையோடு திரும்பி வருவார். வந்ததும் தறியில் உட்கார்ந்து மிக மெதுவாக நெய்வார். நெய்து முடித்துவிட்டால் அடுத்து நூல் இல்லையே என்ற பயத்தில், கைவேகம் தெரிந்த ஒரு மனிதர் தம் கையைத் தாமே பிடித்து நிறுத்தி நிறுத்தி வேலை செய்தார். எனக்கு அது தெரியாது. அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்து, அவருடைய முதுகைப் பிடித்துவிட்டேன்.

வீட்டில் இருந்த கடைசி நூல், உத்தரத்தில் துணி சுற்றித் தொங்கியது. பஞ்சம் தொடங்குவதற்கு முன்பே அத்தை வாங்கி, ஓட்டி, ஒரு பாவாகச் சுருட்டி வைத்திருந்தாள். நெசவில் நீளவாட்டில் போகும் இழைகளின் மொத்தத்தைத்தான் பாவு என்பார்கள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். இளவயதிலேயே கணவரை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். பாவுக்குக் கஞ்சி போடுவதில் அந்தத் தெருவில் அவளுக்கு நிகர் கிடையாது. உத்தரத்துப் பாவை யாரும் தொடக் கூடாது என்பது அவளுடைய உத்தரவு. வீட்டில் ஒன்றுமே இல்லாமல் போகிற நாளைக்கு அது என்று சொல்லியிருந்தாள். அந்த நாள் எப்போது வரும் என்று நான் அடிக்கடி கேட்பேன். ஏதோ திருவிழா நாளைக் கேட்பதுபோல.

அப்படியிருக்க, ஒருநாள் தெருவில் தமுக்கு அடித்தார்கள். மறுநாள் சர்க்கார் அதிகாரி வருவார், தறிகளை எண்ணுவார், எல்லோரும் தங்கள் தறியைக் காட்ட வேண்டும் என்பது செய்தி. தமுக்கடித்தவன் ரோட்டைத் தாண்டுவதற்குள் தெரு முழுவதும் பிள்ளையார் கோயில் முன்னால் கூடிவிட்டது. இது நூல் கொடுப்பதற்காக இருக்கலாம் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். சிரித்தார்கள். எண்ண வருகிறவன் எந்தக் காலத்தில் கொடுக்க வந்திருக்கிறான் என்று கேட்டார்கள். அந்தச் சிரிப்பில் அத்தையும் சேர்ந்துகொண்டாள்.

வழி சொன்னவர் சித்தப்பா. மற்றவர்களைவிட இரண்டு வகுப்பு கூடுதலாகப் படித்திருந்ததால் தெருவுக்கே யோசனை சொல்லும் உரிமை அவருக்கு வந்திருந்தது. தறியைக் கழற்றிவிடலாம், ஆனால் நட்ட கால்களையும் குறுக்கு மரத்தையும் பிடுங்க முடியாது. குழியைப் பலகை போட்டு மூடிப் பாய் விரிக்கலாம். நிற்கிற மரத்துக்கு ஒரு காரணம் வேண்டுமே. சித்தப்பா சொன்ன காரணம் இதுதான்: குறுக்கு மரத்தில் சேலையைக் கட்டித் தொட்டில் தொங்கவிட வேண்டும். பிள்ளை இருக்கிற வீட்டில் பிள்ளையைப் போடலாம். இல்லாத வீட்டில் தறியிலிருந்து எடுத்த துணியையே சுருட்டிப் போட்டுவிடலாம். பிள்ளை தூங்குகிற கூடத்துக்குள் எந்த அதிகாரியும் செருப்புக்காலோடு ஏற மாட்டார். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். சித்தப்பா அன்று மாலை முழுவதும் தெருவில் சற்று நிமிர்ந்தே நடந்தார்.

ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டு மாமா. தெருவிலேயே சோம்பேறி என்று பேர் எடுத்தவர். சர்க்காரை நம்பி அவர் மறுக்கவில்லை. தறியைக் கழற்றுவதும் ஒரு வேலை, திரும்ப மாட்டுவதும் ஒரு வேலை, இரண்டையும் தம்மால் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். வரி வந்தால் அவர் தலையில்தான் விடியும் என்று தெருவே பரிதாபப்பட்டது.

மறுநாள் காலை, அதிகாரி ஜட்கா வண்டியில் வந்தார். வண்டி நேராகக் கோயில் வரைக்கும் போய் வேப்பமரத்தடியில் நின்றது. கோட்டும் தலைப்பாகையும் அணிந்த, மெலிந்த, வியர்த்துப்போன மனிதர். கையில் ஒரு பிரம்பு. அங்கிருந்து வீடுவீடாக நடந்து வந்தார். எங்கள் வீட்டில் தொட்டிலாட்டும் வேலை எனக்கு. தொட்டிலுக்குள், அப்பா பாதி நெய்திருந்த சேலை, இழைகளைப் பிரிக்கும் மரச்சீப்பான அச்சும், அவற்றைத் தூக்கும் விழுதுக் கயிறுகளும் மாட்டியபடியே, ஒரு பழைய வேட்டியால் போர்த்தப்பட்டுக் கிடந்தது. நிறுத்தாமல் ஆட்ட வேண்டும், கேட்டால் தம்பி தூங்குகிறான் என்று சொல்ல வேண்டும். அத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்.

அதிகாரி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். இதைச் சித்தப்பா எதிர்பார்த்திருக்கவில்லை. பாயின் மேல் நின்றார். பிரம்பால் மெதுவாகத் தட்டினார். கீழே குழி. 'தொம்' என்றது. பிறகு என்னைப் பார்த்துக் குனிந்து கேட்டார்.

"உள்ளே யாரு பாப்பா?"

"தம்பி. தூங்குறான்."

"அப்படியா. பேர் என்ன?"

அத்தை அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் பேர் வைக்கலை" என்றேன்.

நான் பயத்தில் சற்று வேகமாக ஆட்டியிருக்க வேண்டும். தொட்டில் தூணில் இடித்தது. தம்பியிடமிருந்து, மரத்தில் மரம் மோதுகிற 'டக்' என்ற சத்தம் வந்தது. அதிகாரி தொட்டிலைத் தம் கையால் பிடித்து அசையாமல் நிறுத்தினார்.

"மெதுவா ஆட்டும்மா. பிள்ளைக்கு அடிபடப் போகுது" என்றார்.

பிறகு அப்பாவிடம், இந்தக் கணக்கு நூலுக்காகத்தான் எடுக்கிறோம் என்று நிதானமாகச் சொன்னார். அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை தலையை அசைக்கவில்லை. அப்பா, கூலி வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டார். அதிகாரி அடுத்த வீட்டுக்குப் போனார். அவர் படி இறங்கியதும், அவ்வளவு படித்தவருக்குப் பிள்ளைக்கும் புடவைக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

சுற்று முடிந்து அவர் வேப்பமரத்தடிக்குத் திரும்பியபோது தெருவே பின்னால் போனது. எத்தனை தறி மறைந்தது என்று யாரும் எண்ணவில்லை என்றாலும், தப்பித்துவிட்டோம் என்ற களிப்பு எல்லோர் முகத்திலும் இருந்தது. அவர் வண்டியிலிருந்து ஒரு சாக்கை இறக்கச் சொன்னார். அதை அவிழ்த்தபோது உள்ளே மில் காகிதம் சுற்றிய நூல் கட்டுகள் இருந்தன. எதிர்வீட்டு மாமாவைக் கூப்பிட்டார். மாமா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையை நீட்டினார். ஒரு கட்டு நூல் அந்தக் கையில் விழுந்தது.

அதற்குப் பிறகு அதிகாரி சொன்னதை அப்பா எத்தனையோ முறை எங்களுக்குத் திரும்பச் சொல்லியிருக்கிறார். இனிமேல் நூல், ஓடுகிற தறியைப் பார்த்துத்தான் வரும். கட்டுப்பாட்டு விலையில் வரும். தறிகள் நெருக்கமாக ஓரிடத்தில் இருந்தால் அந்த இடத்திலேயே நெசவாளர் சங்கம் ஒன்றைச் சர்க்கார் அமைத்துக் கொடுக்கும். கஞ்சி போட ஒரு பொதுக்களம், சாயம் தோய்க்கத் தொட்டி, நெய்த துணியை வாங்கிக்கொள்ள ஆள், எல்லாம் சங்கத்தில் உண்டு. தறி குறைந்த இடத்துக்குச் சங்கம் கிடையாது. அங்கே இருக்கிறவர்கள் தூரத்து ஊர்ச் சங்கத்தில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். இந்தத் தெருவில் தாம் கண்டது ஒரே ஒரு தறி.

கூட்டம் நின்ற இடத்திலேயே நின்றது. முதலில் அசைந்தவள் அத்தை. அவள் மாமாவிடம் போய், அவர் கையிலிருந்த கட்டை வாங்கி, காகிதத்தைச் சற்றுப் பிரித்து, நூலை முகர்ந்து பார்த்தாள். கள்ளவிலை நூலில் இருக்கும் ஈரவாடை அதில் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டாள். சித்தப்பா அதிகாரியின் முன்னால் போய், இன்னும் சில வீட்டில் தறி இருக்கும், எழுதிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார்.

"கண்ணால பார்த்ததைத்தான் எழுதலாம். கேட்டதை எழுத எனக்கு அதிகாரம் இல்லை" என்றார் அதிகாரி. சாயங்காலத்துக்குள் கணக்கை டவுனில் ஒப்படைக்க வேண்டும் என்றும் சொன்னார். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படியாக, "என் வண்டி ரோடு ஏறுற வரைக்கும்தான் இந்தத் தெருக் கணக்கு திறந்திருக்கும்" என்றார். அதை அவர் இரண்டு முறை சொன்னார்.

கழற்றிய தறியை மாட்டுவது நொடியில் ஆகிற காரியமல்ல. பாவை இழுத்துக் கட்ட வேண்டும், விழுதைத் தொங்கவிட வேண்டும், மிதியைப் பூட்ட வேண்டும். வண்டியோ புறப்படத் தயாராக நின்றது. அத்தை விறுவிறுவென்று வீட்டுக்குள் வந்தாள். பின்னாலேயே அப்பாவும் சித்தப்பாவும்.

"தம்பி, உத்தரத்துப் பாவை எறக்கு" என்றாள்.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் தயங்கினார். பாவுக்குக் கஞ்சி போடுவது விடியற்காலை வேலை. தெருவின் நீளத்துக்கு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, தூரிகையால் நீவி நீவி, இளவெயிலில் ஆற விட வேண்டும். ஏறுவெயிலில் போட்டால் கஞ்சி சட்டென்று காய்ந்து, இழையோடு இழை ஒட்டி, நீவும்போது படபடவென்று அறுந்துவிடும்.

"அக்கா, வெயில் ஏறிருச்சு. இப்பப் போட்டா இழை நிக்காது. இது ஒண்ணுதான நம்மகிட்ட இருக்கு."

"அறுந்தா அறுந்த எடத்துல முடிஞ்சுக்கிறேன். நீ எறக்கு."

"ஆபீசர் வண்டி போகணுமேக்கா" என்றார் சித்தப்பா.

"போகட்டும்டா. யாரு வேணாம்னா? பாவு காஞ்ச பெறகு போகட்டும்."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் பாவு விரித்துவிட்டால், அது காய்ந்து சுருட்டுகிற வரைக்கும் அதை யாரும் தாண்டக் கூடாது. வண்டி அதன் மேல் ஏறக் கூடாது. கல்யாண ஊர்வலமானாலும் நிற்கும். சாவு ஊர்வலமானாலும் சுற்றிப் போகும். நெய்கிறவன் சோறு அது என்பார்கள். சுற்றிப் போக எங்கள் தெருவில் வழி கிடையாது என்பதை முன்பே சொன்னேன்.

எங்கள் வாசலிலிருந்து ரோட்டு முனை வரைக்கும் பாவு நீண்டது. கவைக் குச்சிகள் நட்டார்கள். குறுக்குக் கழிகள் வைத்தார்கள். வெள்ளை இழைகள் தெருவின் அகலத்தை நிறைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒருவர் ஒருக்களித்து நடக்கிற இடத்தை மட்டும் விட்டன. கஞ்சிக்கு எங்கே போவது? அம்மா அடுப்பிலிருந்த எங்கள் மத்தியானச் சோற்றை அப்படியே எடுத்துவந்து அண்டாவில் கவிழ்த்தாள். அடுத்த வீட்டிலிருந்து ஒரு பானை வந்தது. அதற்கடுத்த வீட்டிலிருந்து இன்னொன்று. யாரும் யாரையும் கேட்கவில்லை. பொங்கிய சோறும் வடித்த கஞ்சியும் சேர்ந்து கரைந்தன. அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்தில், அந்தத் தெரு தன் ஒருவேளைச் சாப்பாட்டை நூலுக்கு ஊட்டியது. தெருப் பிள்ளைகள் அதை ஏதோ கோயில் கொடைபோலக் கைதட்டிப் பார்த்தார்கள். பசி பிறகுதான் தெரிந்தது.

ஆண்கள் அனைவரும் தறி மாட்ட உள்ளே போய்விட்டார்கள். வழக்கமாக ஆண்கள் நீவ, பெண்கள் கைகொடுப்பார்கள். அன்று பெண்களே முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தூரிகையோடு முன்னால் போனாள். பின்னால் வந்தவர்கள் வெயிலைத் தணிக்க ஈரக்கையை உதறிக்கொண்டே வந்தார்கள். இழை அறும்போதெல்லாம் அத்தை நின்று, குனிந்து, இரண்டு முனையையும் விரலிடுக்கில் உருட்டிச் சேர்த்துவிட்டு நடந்தாள். அவள் முகத்தில் வழிந்தது வியர்வை மட்டுமல்ல என்று அம்மா பின்னாளில் சொன்னாள்.

வண்டிக்காரர் வண்டியூர்க்காரர். பாவைக் கண்டதும் கீழே இறங்கி, குதிரையை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டினார். ஓரமாக ஓட்ட முடியாதா என்று அதிகாரி கேட்டார்.

"ஓரம் எங்க சாமி இருக்கு? பாவை மிதிச்ச வண்டியில நாளைக்கு ஒரு சனம் ஏறாது" என்று சொல்லிவிட்டு அவர் குதிரைக்குப் புல் போட்டார்.

அதிகாரி சுவரோரமாக நடந்து அத்தையிடம் வந்தார்.

"ஏம்மா, இது காய எவ்வளவு நேரமாகும்?"

அத்தை தலையைத் தூக்கவில்லை. "அது வெயிலைப் பொறுத்தது சாமி."

அவர் மேலே பார்த்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "வெயில் நல்லாத்தானே இருக்கு?"

"அதான் செரமம். நல்ல வெயில்ல மெதுவாத்தான் காயவைக்கணும்."

"அப்படின்னா சரி" என்றார். மரத்தடிக்குத் திரும்பிப் போய், தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மாமா வீட்டிலிருந்து வந்த மோரைக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று சித்தப்பா வாசலுக்கு வாசல் சொல்லிக்கொண்டு போனார்.

இத்தனைக்கும் நடுவில் நான், வாசல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தபடி, கூடத்தில் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன். நிறுத்து என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா ஓடிவந்து, தொட்டிலுக்குள் கைவிட்டுத் தம்பியை எடுத்துத் தறியில் விரித்தபோதுதான் என் வேலை முடிந்தது என்று தெரிந்தது. அவர் பலகையைத் தள்ளினார். குழிக்குள் காலை விட்டார். விழுதைக் கட்டினார், அச்சைப் பொருத்தினார். அவருடைய கைகள் அப்படிப் பறந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. அவருக்கு வயதாகவில்லை என்று எனக்குத் தோன்றியது.

முதல் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வாய்க்கால் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து என்பார்கள். நெய்த இழையை நெருக்கித் தறிப்பலகை அடிக்கிற ஒற்றைச் சத்தம். பிறகு நின்றது, பிறகு மறுபடி. அதற்கு எதிர்ச்சாரியிலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. அப்புறம் எங்கள் வீட்டில், குறுக்கிழையைச் சுமக்கும் அப்பாவின் நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடத் தொடங்கியது. அதன் பின்னால் பக்கத்து வீடு, அடுத்த வீடு என்று சத்தம் தெருவில் நடந்து வந்தது. நூல் தீர்ந்துவிடுமே என்று மாதக்கணக்காக மெதுவாக ஓடிய தறிகள் எல்லாம் அன்று தீர்ந்தால் தீரட்டும் என்று ஓடின. சுவர் அதிர்ந்தது. வேப்பமரத்துக் காகங்கள் எழுந்து பறந்தன. வெளியே வெயிலில் பாவை நீவிக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அத்தை மட்டும் நிமிரவில்லை. ஆனால் அவள் கை தூரிகையைத் தறியின் தாளத்துக்கு இழுக்கத் தொடங்கியிருந்தது.

அதிகாரி கண்ணைத் திறந்தார். தலைப்பாகையை எடுத்து வைத்துக்கொண்டார்.

"சும்மா உட்கார்ந்திருக்கிறதுக்கு இன்னொரு தரம் நடந்துட்டு வர்றேன்" என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு முதல் வீட்டுப் படியேறினார்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தபோது அப்பா தலைநிமிராமல் நெய்துகொண்டிருந்தார். தொட்டில் வெறுமையாக ஒரு பக்கம் ஒதுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அவர் தறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பியை எங்கே காணோம்?"

எனக்கு இந்தமுறையும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "விளையாடப் போயிட்டான்" என்றேன்.

"அதுக்குள்ள வளர்ந்துட்டானா!"

அப்பாவின் நாடா ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. அதிகாரி சிரிக்கவில்லை. மிகுந்த கவனத்தோடு எழுதிக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.

அவர் கடைசி வீட்டிலிருந்து வெளியே வந்தபோது, பாவு காய்ந்துவிட்டது என்று அத்தை சொன்னாள். அது அதற்குச் சற்று முன்பே காய்ந்திருந்தது. பெண்கள் வரிசையாக நின்று அதை எடுத்துச் சுருட்டினார்கள். பல இடங்களில் முடிச்சு விழுந்திருந்தது. ஆனால் பாவு பாவாகவே இருந்தது. நீளமான அந்தச் சுருளை நாலைந்து பேர் தோளில் வைத்து, சாமி தூக்குவதுபோலத் தூக்கி, எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்கள் தறியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தார்கள். அழகர் வண்டியூருக்கு எழுந்தருளும்போது ஒதுங்குவதுபோல, ஜட்காவுக்கு இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். வண்டி ரோடு ஏறியது. தெருக் கணக்கு மூடியது. அப்போது சித்தப்பா அடித்த சீட்டி தெப்பக்குளம் வரைக்கும் கேட்டிருக்கும். அன்று மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவுமில்லை.

சங்கம் வந்தது. முதலில் நூல் வந்தது, பிறகு பெயர்ப்பலகை வந்தது, அதற்குப் பிறகு வாய்க்கால் கரையில் கஞ்சி போடும் களமும் சாயத்தொட்டியும் வந்தன. தெருவில் முதல் கட்டு நூலை வாங்கியவர் என்பதால் சங்கத்தின் முதல் அங்கத்தினர் என்ற பெருமை எதிர்வீட்டு மாமாவுக்கே போயிற்று. உழைப்பால் வருகிற உயர்வைப் பற்றிக் களத்துத் திறப்பு விழாவில் அவர்தான் இரண்டு வார்த்தை பேசினார். தெரு கைதட்டியது, சித்தப்பா மட்டும் தட்டவில்லை.

அந்த விழாவுக்குப் பழைய அதிகாரி வந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். தறிக்குப் பக்கத்தில், தனியாக ஒரு கம்பில், தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் இப்போது உண்மையாகவே ஒரு தம்பி இருந்தான். பிறந்து சில மாதங்களாகியிருந்தன. அதிகாரி குனிந்து பார்த்தார். தம்பி அவருடைய பிரம்பைப் பிடித்துக்கொண்டான்.

"இவனுக்காவது பேர் வச்சாச்சா?" என்று என்னிடம் கேட்டார்.

வைத்துவிட்டோம் என்றேன். பேரையும் சொன்னேன். அவர் தறியின் பக்கம் திரும்பி, பிறகு அத்தையைப் பார்த்து, "இப்பத் தறியை எண்ணலாமாம்மா?" என்றார்.

அத்தை அண்ணாந்து பார்த்தாள். உத்தரத்தில் இப்போது மூன்று பாவுகள் தொங்கின.

"எண்ணுங்க சாமி" என்றாள். "சத்தமாவே எண்ணுங்க."

அவர் போன பிறகு நான் அம்மாவிடம் சொன்னது நினைவிருக்கிறது. பாவம், இந்த ஆபீசருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அன்றைக்கு இருந்தவனும் இவனும் வேறு வேறு என்றுகூடத் தெரியாமல் கேட்டுவிட்டுப் போகிறார் என்றேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பிரம்பால் பாயைத் தட்டியவருக்குக் குழி கேட்டிருக்கும் என்பதும், தொட்டிலைப் பிடித்து நிறுத்திய கைக்கு அச்சு தட்டுப்பட்டிருக்கும் என்பதும், பார்த்ததை மட்டுமே எழுதும் அதிகாரம் கொண்ட ஒரு மனிதர் அதை எங்களையே காட்ட வைக்க வேப்பமரத்தடியில் கண்ணை மூடிக் காத்திருந்தார் என்பதும், என் வண்டி ரோடு ஏறுகிற வரைக்கும் என்று இரண்டாம் முறை சொன்னபோது அவர் அத்தையைப் பார்த்துத்தான் சொன்னார் என்பதும் எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று. அத்தைக்கு அன்றே விளங்கியிருக்க வேண்டும். அவள் கடைசி வரைக்கும் அதைச் சொல்லவில்லை. அவரை ஏமாற்றியதாகவே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அத்தை போய்விட்டாள். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள், சித்தப்பாவும் போய்விட்டார். அந்த அதிகாரி எங்கே போனார், எப்போது போனார் என்று எங்களுக்குத் தெரியாது. தெருவில் தறிகள் ஓடுகின்றன. எத்தனை என்று இப்போது சங்கத்தில் கேட்டால் சொல்வார்கள். தம்பிதான் அங்கே இருக்கிறான். அவன் இருக்கிறான், நான் இருக்கிறேன்.